ஆண்டு ஒன்றுக்கு ஆள் தேவை

பள்ளிக்கூடத்தில் மணியடித்து, கூட்டி, தேத்தண்ணி ஊற்றுகிறவளுக்கு டீச்சர்மாரைத் தெரிந்த அளவு அவர்களைக் கட்டினவர்களுக்குக்கூடத் தெரியாது. நான் ஆண்டு நாலோடு நின்றவள்தான். ஆனால் றக்வானைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்து, பெட்டியைப் பிரிக்காமலே மாற்றம் கேட்டுப் போன எத்தனையோ பேரைப் பார்த்தவள். பெரிய வகுப்பென்றால் பாடம் தெரிந்தால் போதும். முதல் வகுப்பான ஆண்டு ஒன்றுக்குத்தான் ஆள் கிடைப்பது கஷ்டம். பிள்ளையை முதல் நாள் வகுப்பில் விட்டுவிட்டு ஜன்னலோரம் நின்று நகம் கடித்தவர்களுக்கு இது விளங்கும். தொண்ணூறுகளின் நடுவில் என் கடைசி மகள் மலர் ஆண்டு ஒன்றுக்கு வந்தபோது நானும் கடித்தேன். ஜன்னலைத் துடைக்கிற சாக்கில் கடித்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

தொண்டை

அப்போது ஆண்டு ஒன்றுக்கு இருந்தவர் ஒரு சேர். நல்ல மனிதர். தொண்டைதான் பெரிது. அவர் "அம்மா" என்று எழுத்துக் கூட்டினால் கீழே ஃபெக்டரியில் வேலை செய்கிற பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

மலர் வீட்டில் வாய் மூடாதவள். லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவில் என்ன குழம்பு, யாருக்கும் யாருக்கும் சண்டை என்று எல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வகுப்பில் சேர் "உன் பேர் என்ன?" என்று கேட்டதும் வாயைப் பூட்டிக்கொண்டாள். காதில் விழவில்லையோ என்று அவர் இன்னும் உரக்கக் கேட்டார். முன்வாங்கில் ஒரு பிள்ளை அழுதது. அதைப் பார்த்து அடுத்தது அழுதது. பின்வாங்கில் ஒன்று அழுகையோடு நிற்கவில்லை. நான் துடைப்பத்தையும் வாளியையும் எடுக்க வேண்டியதாயிற்று. சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவரின் குரல் பின்வாங்கு வரைக்கும் போனால் போதும், மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாம் என்பது அன்று முதல் என் கொள்கை.

சேர் வேர்வையைத் துடைத்தபடி, "பிள்ளைக்குக் காது கேக்குமா ராணியக்கா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்துக் காம்பரா ரவி எழுந்து நின்றான்.

"கேக்கும் சேர். அவளுக்கு உங்களத்தான் பிடிக்கல."

அன்பளிப்பு

அந்த சேருக்கு ஊர்ப்பக்கம் மாற்றம் கிடைத்தது. அடுத்ததாகக் கொழும்பிலிருந்து ஒரு மிஸ் வந்தார். மெல்லிய குரல், பவுடர் வாசனை, குதி உயர்ந்த செருப்பு. என் மனசு குளிர்ந்தது. இவரிடம் மலர் பேசிவிடுவாள் என்று நினைத்தேன். ஆனால் மழைக்காலம் தொடங்கியிருந்தது. மழைக்காலத்தில் எங்கள் பக்கத்துப் புல்லில் கால் வைத்தால் என்ன ஏறும் என்று உங்களுக்குத் தெரியும். மிஸ் ஒரே ஒரு அட்டையைத்தான் பார்த்தார். அதற்குப் பிறகு கதிரையில் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டுதான் படிப்பித்தார். பிள்ளைகளும் மரியாதையாகக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். தரையில் கால் பட்டது எனக்கு மட்டும்தான்.

மலருக்கு மிஸ்ஸை உண்மையிலேயே பிடித்துவிட்டது. பிடித்தால் ஏதாவது கொடுக்க வேண்டும் அல்லவா? ஒருநாள் காலை, வழியில் தன் காலில் இருந்து பிடுங்கின அட்டைகளிலேயே கொழுத்த ஒன்றை இலையில் வைத்து, மேசையில் மெதுவாக வைத்தாள். பேச்சு வரவில்லை, சிரிப்பு வந்தது. அதுவே பெரிய முன்னேற்றம் என்று நான் ஜன்னலில் பூரித்து நிற்கிறேன், மிஸ் என்னைத் தாண்டி ஓடுகிறார். பிள்ளைகள் கொடுப்பதை வாங்கிக்கொள்ளத் தெரியாதவர் இந்த வேலைக்கு வரக் கூடாது. முகம் சுளித்தாலும் பரவாயில்லை, கையை நீட்ட வேண்டும்.

தேத்தண்ணி கொடுத்துத் தேற்றினேன். கோப்பையை வாங்கிக்கொண்டு மிஸ் சொன்னார்:

"எங்க ஊர்ல பிள்ளைங்க பூதான் அக்கா கொண்டு வருவாங்க."

வசம்பு

அவரும் போனார். மலர் பள்ளிக்கூடத்தில் இன்னும் ஒரு சொல்கூடப் பேசவில்லை. தலைமையாசிரியரான பெரிய சேர் என்னைக் கூப்பிட்டார். பேச்சு வராத பிள்ளைகளுக்கு டவுன் பக்கம் விடுதியோடு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறதாம். நடக்கிற படிப்புத் தவணை முடிந்ததும் மலரை அங்கே சேர்த்துவிடுவோம் என்றார். ஆறு வயசுப் பிள்ளையை விடுதியில் விடுவதா? "வீட்டுல பேசுறா சேர்" என்று சொன்னேன். "எல்லாத் தாய்மாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க ராணி" என்றார். கண்ணால் பார்க்கட்டும் என்று லயத்துக்கே கூட்டி வந்தேன். அவர் தலை தெரிந்ததும் இவள் கட்டிலுக்கடியில் போய்விட்டாள். பாவம், மனிதர் குனிந்து, "பாப்பா, பாப்பா" என்று ஒரு ஜோடிக் காலுடன் பேசிவிட்டுப் போனார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. கோயிலில் நேர்ந்து, நாக்கில் வசம்பு தேய்த்தேன். புத்த கோயிலான பன்சலைக்குக் கூட்டிப் போய்க் கையில் ஓதின பிரித் நூல் கட்டினேன். டவுனில் பள்ளிவாசல் லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கிக் குடிக்கக் கொடுத்தேன். மூன்றும் சேர்ந்து வேலை செய்து, வீட்டில் இன்னும் கூடுதலாகப் பேசினாள். என் வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டு சொன்னது இது:

"பேச்சு வரலைன்னு ஒரு பொம்பளப் பிள்ளைக்கு மருந்து தேடுறது நம்ம குடும்பத்துல இதுதான் முதல் தடவ."

மீசை

மூன்றாவதாக வந்தவர் நிர்மலா மிஸ். அடுத்த தோட்டத்து லயத்தில் வளர்ந்து, ஓ.எல். பரீட்சை பாஸ் பண்ணி நியமனம் வாங்கினவர். வந்த அன்றே பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். பிறகு கரிக்கட்டையால் மீசை வரைந்துகொண்டு, "நான்தான் கணக்கப்பிள்ள. கொழுந்து நிறுக்கணும், எல்லாரும் வாங்க!" என்றார். இருக்கிற கொஞ்ச நாளில் எழுத்துப் படிப்பித்து மலரைக் காப்பாற்றாமல், இதென்ன கூத்து? எண் படிப்பிக்கிறாராம். வேலியோரத்து இலைதான் கொழுந்து. கம்பில் கட்டின இரண்டு சிரட்டைதான் தராசு. புளியங்கொட்டைதான் கிலோ. ஒவ்வொரு நாளும் இதே விளையாட்டு. மலர் வரிசையில் வருவாள், நிறுப்பாள், ஊமையாகத் திரும்புவாள்.

தவணை முடிகிற வாரம், விடுதிக் கதையைப் பேசப் பெரிய சேர் வராந்தாவுக்கு வந்து நின்றார். உள்ளே மலரின் முறை. இலையைச் சிரட்டை நிறையக் குவித்தாள். மிஸ் அந்தச் சிரட்டைக்கு அடியில் ஒரு விரலை முட்டுக் கொடுத்து, மீசையைத் தடவி, "மூணு கிலோ. இலையில இருக்கிற தண்ணிக்கு ஒண்ணு கழிச்சா ரெண்டு" என்றார்.

மலர் இடுப்பில் கையை வைத்தாள்.

"யோவ் கணக்கு! தராசுல இருந்து கைய எடுய்யா! நாங்க என்ன மழையையா பறிச்சுட்டு வந்தோம்?"

தேத்தண்ணிக் கேத்தலோடு நான் வகுப்பு வாசலுக்கு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போகும்போது அவளையும் கூட்டிப் போவேன். நிறுக்கிற இடத்தில் நான் போடுகிற சத்தம் அது, ஒரு சொல் குறையவில்லை. மிஸ் அசையவில்லை. ஆண்குரலில், "கோவிச்சுக்காதீங்கம்மா, அஞ்சு போட்டுக்கிறேன்" என்றார். "ஆறு!" என்றாள் மலர். வகுப்பே எழுந்து, "ஆறு! ஆறு!" என்று கத்தியது.

பிறகு தனியே போய், "மரியாத தெரியாத பிள்ள, மன்னிச்சிருங்க மிஸ்" என்றேன். அவர் மீசையைக் கழுவிக்கொண்டே, "வேணும்னுதான் அக்கா விரல வச்சேன். இத்தன நாளா எல்லாருக்கும் ஒழுங்கா நிறுத்தேன், அவ வாயே திறக்கல" என்றார்.

அன்றைக்குத் திறந்த வாய். விடுதிப் பேச்சு நின்றது, வகுப்பில் மற்றவர்கள் பேச்சும் நின்றது. அடுத்த தவணையில் பெரிய சேர் தலையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ராணி, பேச்சக் கொறைக்கிற பள்ளிக்கூடம் எங்கயாச்சும் இருக்கான்னு விசாரிப்பமா?"

ஆகவே ஆண்டு ஒன்றுக்கு ஆள் அனுப்புகிற பெரியவர்களே, சான்றிதழைப் பார்க்கிற கையோடு, சின்னப் பிள்ளைகளிடம் ஏச்சு வாங்கிச் சந்தோஷப்பட மனமிருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டு அனுப்புங்கள், தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு என்று நான் கேட்டுக்கொள்கிறேன்.