யாருக்குப் பிடிக்கும் என்று நான் எழுதிய நாலு வரி

குன்னூரில் எங்கள் சபையின் மாதப் பத்திரிகையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மொத்தமே நாலு பக்கம்; அதற்கே பெரிய ஆசிரியர் என்ற நினைப்பு எனக்கு. எங்கள் பாடகர் குழுவில் இருபது வருஷமாகக் கிடார் வாசிப்பவர், பக்கத்து வெலிங்டனில் கிளார்க், ஒருநாள் வீட்டுக்கு வந்து தன் முதல் ஆல்பத்தை என் போனுக்கு அனுப்பினார்.

“ஜாஸ் ஃப்யூஷனுங்க. யாருக்குப் புடிக்கும்னு பத்திரிகையில நாலு வரி எழுதுங்க. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் ஹால்ல போட்டுக் காட்டறேன். பத்துப் பேருக்குப் புடிச்சாப் போதுங்க, தைரியமா அடுத்ததும் பண்ணிருவேன்.”

எனக்கு ஜாஸும் தெரியாது, ஃப்யூஷனும் தெரியாது. தெரிந்த மாதிரி தலையாட்டினேன். எங்கள் சபையில் யார் ஆல்பம் போட்டாலும் அது ஞானப்பாட்டுதான். ஒரு நிமிஷம்கூடக் கேட்காமல், எல்லோருக்கும் எழுதுவதையே எழுதித் தள்ளினேன்: ‘குடும்ப ஜெபத்தில் சேர்ந்து பாட உகந்தது. இனிய குரல், உருக்கமான வரிகள். பெரியவர்களுக்கு மிகவும் பிடிக்கும்.’

பெரியவர்கள் வந்தார்கள். ஸ்வெட்டரும் சால்வையுமாக முன்வரிசையில் உட்கார்ந்து, கூடப் பாடுவதற்குத் தொண்டையைக்கூடச் சரிசெய்துகொண்டார்கள். கிடாரும் டிரம்ஸும் மாறி மாறி ஓடின. இரண்டு உருப்படி முடிந்தும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். பிறகு ஓர் அம்மா கிடார்காரரிடமே கேட்டார்.

“ஏனுங்க, எப்பப் பாடுவாங்க?”

அங்கே உட்கார்ந்துதான் நானும் முதல்முறையாகக் கேட்டேன். மூன்றாவது உருப்படியில் கிடார் மேலே ஏறிப்போன இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இதை ரசிக்கக்கூடிய காலேஜ் பிள்ளைகள், என் நாலு வரியைப் படித்துவிட்டு ஆராதனை முடிந்ததுமே வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள்.

அவர் பாதியில் நிறுத்திவிட்டு மைக்கை எடுத்தார். “மன்னிக்கோணுங்க. இதுல பாடறதே இல்லைங்க. எழுதினவருகிட்ட நான்தான் சரியாச் சொல்லலை.”

எழுந்து உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே, வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

கூட்டம் டீ குடிக்கக் கலைந்தது. போகிற வழியில் ஒரு பெரியவர் என் தோளைத் தட்டினார்.

“பாவம், உங்களையும் ஏமாத்திப்போட்டாரே.”

கிடார்காரர் எனக்கு இரண்டடி தள்ளி, ஸ்பீக்கர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“ஆமாங்க” என்றேன்.