ஒரே ஒரு டிக்

என் கம்ப்யூட்டரில் நெட் ஒழுங்காக வருகிற நாள்கள்தான் எனக்கு ஆகாதவை. நெட் இல்லாவிட்டால், மகள் எழுதாததற்கு நெட்டைத் திட்டிக்கொள்ளலாம். நெட் நன்றாக இருந்து, சாட் திறந்து, அவள் பெயருக்கு நேரே ஒன்றுமே இல்லையென்றால் யாரைத் திட்டுவது?

செங்கம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். கணவர் போய் ஆறு வருடம் ஆகிறது. ஊருக்குள் இருக்கும் ஓர் அச்சகத்துக்காகக் கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் வீட்டிலிருந்தே டைப் செய்து கொடுக்கிறேன். ஒரே மகள், பெங்களூரில் வேலை. கண் ஆபரேஷனுக்குப் பிறகு போனின் சின்னத் திரை ஒத்துக்கொள்ளாமல் நான் பட்டன் போனுக்கு மாறியபோது, அவள்தான் லீவில் வந்து கம்ப்யூட்டரிலேயே சாட் போட்டுக் கொடுத்தாள். எழுத்தைப் பெரிதாக்கினாள். பின்னணிக்கு இளம்பச்சை வைத்தாள். அவளிடமிருந்து செய்தி வந்தால் மட்டும் தனியாக ஒரு மணிச் சத்தம் கேட்கும்படி செய்தாள்.

“இது கேட்டா நான்தான்னு தெரிஞ்சிக்கோ. குக்கரை எறக்கி வச்சிட்டு வா” என்றாள்.

போன தை மாதம் அவளாகவே கல்யாணம் செய்துகொண்டாள். மாலையும் கழுத்துமாக ஒரு பையனோடு நிற்கிற படம் இந்தச் சாட்டில்தான் வந்தது, அந்த மணிச் சத்தத்தோடு. யார் யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ ராத்திரி பகலாகப் பத்திரிகை அடித்தவள் நான். என் மகள் கல்யாணத்துக்கு ஒரு வரி அடிக்கவில்லை. சாதி, சொந்தக்காரர்கள் வாய் எல்லாம் பிறகுதான் நினைவுக்கு வந்தன. முதலில் பற்றிக்கொண்டு எரிந்தது இதுதான். ‘இனிமேல் எனக்குப் போன் செய்யாதே, செய்தாலும் எடுக்க மாட்டேன்’ என்று எழுதினேன். எழுதியது போதாதென்று, அவள் இரண்டு முறை அழைத்தபோது எடுக்காமலும் இருந்தேன். அதோடு அவள் அழைப்பதை விட்டுவிட்டாள்.

சாட்டில் எழுதாதே என்று மட்டும் நான் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.

ஒரு மாதம் மணி அடிக்கவில்லை. சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் செட்டிங்ஸை நோண்ட ஆரம்பித்தேன். அவள் வைத்த இளம்பச்சையைக் கோபத்தில் கறுப்பாக்கினேன். மறுநாள் அந்தக் கறுப்பைப் பார்க்கப் பயமாக இருந்தது. திரும்பப் பச்சை தேடினால், இருக்கிற அத்தனை பச்சையிலும் அவள் வைத்த பச்சை இல்லை. தொழில் புத்தி, எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்தேன். எத்தனை அழகான எழுத்தாக இருந்தாலும் அதில் அவள் எழுதினால்தானே?

நான் கடைசியாக எப்போது வந்தேன் என்று மற்றவர்களுக்குக் காட்டும் நேரத்தையும் மறைத்தேன். நாள் முழுக்க அவளுக்காகக் காத்துக் கிடக்கிறேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டாமே! நம் நேரத்தை மறைத்தால் அடுத்தவர் நேரமும் நமக்குத் தெரியாது. ஒரு நாள் பொறுக்காமல், மறைத்ததை எடுத்துவிட்டுப் பார்த்தேன். அந்த நிமிடத்தில் அவள் ‘ஆன்லைன்’. சாட்டில்தான் இருக்கிறாள், எனக்கு எழுதவில்லை. மறுபடி மறைத்துவிட்டேன்.

அப்போதெல்லாம் எனக்குப் பிடித்த நாள் பௌர்ணமி. மத்தியானத்திலிருந்தே கிரிவலக் கூட்டம் சேர்ந்து, எல்லோர் கையிலும் போனுமாய் டவர் திணறும். கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் என் நெட் டாங்கிள் செத்துப்போகும். திரையின் மூலையில் ‘இணைக்கிறது’ என்று ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அவள் எழுதியிருப்பாள், வந்து சேரவில்லை, அவ்வளவுதான் என்று நிம்மதியாகச் சாப்பிடுவேன்.

அந்த நிம்மதியையும் நானே கெடுத்துக்கொண்டேன். ஒருவேளை நிஜமாகவே டாங்கிள்தான் கோளாறோ என்று தோன்ற, கேபிள் நெட் இழுக்கச் சொன்னேன். லைன் போட வந்தவர் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தார்.

“அக்கா, லைன் சூப்பரா இருக்குது. பௌர்ணமி கூட்டமே வந்தாலும் இனிமே நிக்காது.”

“அப்போ மெசேஜ் ஏன் வர மாட்டேங்குது?”

“யாராச்சும் அனுப்பினாத்தானேக்கா வரும்?” என்று சிரித்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும். போகிற போக்கில் சாட்டின் செட்டிங்ஸில் ஓர் இடத்தைக் காட்டினார். “இங்க ப்ராக்ஸின்னு இருக்குது பாருங்க, வேற கம்ப்யூட்டர் வழியா சுத்திப் போறதுக்கு. இதை மட்டும் நோண்டிக்கினு இருக்காதீங்க. தப்பா ஒரு நம்பர் விழுந்துச்சின்னா சுத்திக்கினே கெடக்கும், சேரவே சேராது.”

அடுத்த பௌர்ணமிக்கு அவர் சொன்னபடியே நெட் நிற்கவில்லை. அவள் பெயருக்கு நேரே வெறுமை, பளிச்சென்று. மறுநாள் காலையில் காபி குடித்துவிட்டு, அந்த ப்ராக்ஸியைத் திறந்து, கைக்கு வந்த எண்ணைப் போட்டுச் சேமித்தேன். வட்டம் சுற்ற ஆரம்பித்தது. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அன்று எனக்குப் பசித்தது.

அச்சக வேலை ஈமெயிலில் வரும். அதற்கு ஒரு குறையும் இல்லை. சாட் மட்டும் பதினோரு நாள் சுற்றியது. ஒவ்வொரு காலையும் அதைப் பார்த்து, இன்னும் சேரவில்லை, இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டு வேலையில் உட்காருவேன்.

பதினோராம் நாள் அச்சகக்காரர் போன் செய்தார்.

“இன்னாக்கா, மஞ்சள் நீராட்டு பத்திரிகைக்கு பொண்ணு போட்டோவ சாட்ல போட்டு மூணு நாளாவுது. ஒரே டிக்குலயே நிக்குது. நீங்க எப்ப வந்தீங்கன்னும் காட்டல. என்னை பிளாக் பண்ணிட்டீங்களா?”

“ஒரு டிக் நின்னா பிளாக் பண்ணிட்டதா அர்த்தமா?”

“பின்ன? ரெண்டாவது டிக் விழுந்தாத்தானே உங்களுக்கு வந்து சேர்ந்துச்சின்னு அர்த்தம். விழலன்னா எல்லாரும் அப்பிடித்தான் நெனப்பாங்க.”

போனை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ப்ராக்ஸியை அணைத்தேன். வட்டம் ஒரு நொடிகூடச் சுற்றவில்லை. அச்சகக்காரரின் படம் வந்தது. தெரு சங்கத்தின் தண்ணீர் அறிவிப்பு வந்தது. அப்புறம் அந்த மணி அடித்தது.

எத்தனை மாதம் கழித்து! அவள் பெயர் மேலே ஏறி வந்து நின்றது. திறந்தேன். ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று சாய்ந்த எழுத்தில் ஒரே வரி. பக்கத்தில் அவள் அனுப்பிய நேரம்: நான் தப்பு எண்ணைப் போட்ட நான்காம் நாள், காலை எட்டு மணி.

எழுதியிருக்கிறாள். ஒரு டிக்கோடு நின்றிருக்கிறது. அம்மா நம்மை பிளாக்கே செய்துவிட்டாள் என்று எத்தனை நாள் பார்த்து, எப்போது அழித்தாளோ தெரியாது. அந்தச் செய்தியில் என்ன இருந்ததென்றும் தெரியாது. உடம்பு சரியில்லை என்றிருக்கலாம். குழந்தை என்றிருக்கலாம். சாப்பிட்டியா என்று மட்டும்கூட இருந்திருக்கலாம்.

‘நெட் இல்லம்மா. என்ன எழுதியிருந்த?’ என்று அடித்து அனுப்பினேன். அப்போதும் பொய்தான் வந்தது. ஒரு டிக் விழுந்தது. அவள் படம் இருந்த இடத்தில் முகமில்லாத வெறும் வட்டம்; இந்த முறை பிளாக் செய்தது அவள். பட்டன் போனை எடுத்து அழைத்தேன். முழுதாக அடித்து ஓய்ந்தது. இன்னொரு முறை அழைத்தேன். எடுக்கவில்லை. பெங்களூரில் அவள் வீடு எங்கே என்று நான் கேட்டே வைத்துக்கொள்ளவில்லை. பெங்களூர் பஸ்கள் எங்கள் சந்து முனை வழியாகத்தான் போகின்றன.

இரண்டாவது டிக் இன்னும் விழவில்லை. ப்ராக்ஸி அணைந்துதான் இருக்கிறது. நேற்றும் பார்த்தேன், இன்று காலையிலும் பார்த்தேன். நெட் நன்றாகத்தான் வருகிறது.