எழுத்தில்லாத ஐந்து தாள்கள்

யாழ்ப்பாணத்தில் புள்ளிவிவரவியல் படித்த யூஜினி, கனடாவின் மார்க்கம் நகரில் வாகன விளக்குகள் செய்யும் தொழிற்சாலைக்குப் பெட்டி கட்டத்தான் வந்தாள். நாலு வருடத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு ஏறினாள். அங்கே இரத்தினவேல் அவளுக்கு சுப்பர்வைசர்.

விளக்குகள் ஏன் பழுதாகின்றன என்று துருவிக் கண்டுபிடிப்பவள் அவள். திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு அதையெல்லாம் கண்ணாடித்தாள்களில் எழுதுபவளும் அவள்தான். புரொஜெக்டரில் போட்டு, வரி விடாமல் வாசித்துப் பாராட்டு வாங்குவது அவர்.

"உம்மட இங்கிலீஷ் ஒருத்தருக்கும் விளங்காது. நான் கதைக்கிறன், நீர் தாளை மாத்தினால் காணும்."

தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசியில், லொறிகளுக்குத் திறக்கும் கதவால் வரும் குளிரில் பசை காயாமல் விளக்குக் கண்ணாடி கழன்று விழுவதை அவள் கண்டுபிடித்தாள். கூட்டத்தில் டிரெக்டர் அவளைக் காட்டி, யார் என்று கேட்டார். "மை டைப்பிஸ்ட்" என்றார் இரத்தினவேல். ரூஜில், வீட்டுக்குக் கிட்ட பஸ்ஸை விட்டு இறங்கும்வரை அந்தச் சொல்லைப் பல்லுக்குள் வைத்துக் கடித்துக்கொண்டு போனாள்.

அழவில்லை. நூலகத்தில் நடந்த பேச்சு வகுப்பில் சேர்ந்தாள். மூன்றாம் மாதம் தாளைப் பார்க்காமல் பேசினாள். அங்கே படிப்பித்தவர் ஒருநாள் சொன்னார்: திரையில் எல்லாவற்றையும் எழுதினால் சபை வாசிக்கும், கேட்காது. படத்தைப் போட்டு, கதையை வாயால் சொல்லுங்கள். அதைக் கேட்ட கணமே, இரத்தினவேலை எங்கே அடிக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஐப்பசிக் கூட்டத்துக்கு ஐந்து தாள் செய்தாள். ஐந்திலும் பழுதுக் கணக்கைக் காட்டி ஏறி இறங்கும் கோடுகள் மட்டும். வெள்ளிக்கிழமையே உறையில் போட்டுக் கொண்டுபோய் இரத்தினவேலின் மேசையில் வைத்தாள்.

"அண்ணை, ஒருக்காப் பாருங்கோ. விளங்காட்டிக் கேளுங்கோ."

அவர் உறையைத் திறக்கவில்லை. ஒருநாளும் திறந்ததில்லை.

திங்கள் காலை முதல் தாள் விழுந்ததும் வாசிக்கத் திரும்பினார். வாசிக்க ஒன்றுமில்லை. கோடு ஏறுகிறது என்றார். ஏன் என்றார் டிரெக்டர். அடுத்த தாளில் கோடு இறங்குகிறது என்றார். ஏன் என்றார் டிரெக்டர் மறுபடியும். இரத்தினவேல் திரையை விட்டுத் திரும்பினார். யூஜினியைப் பார்த்தார். அவள் உடனே எழவில்லை. மனதுக்குள் ஆறுதலாக இருபதுவரை எண்ணி, அவரை நிற்கவிட்டு, பிறகுதான் எழுந்தாள். பன்னிரண்டு நிமிடம் பேசினாள். டிரெக்டர் குறிப்பெடுத்தார். இனி நீங்களே பேசுங்கள் என்றார்.

"எல்லாருக்கும் முன்னால என்னை அவமானப்படுத்திப் போட்டீர்" என்றார் இரத்தினவேல், வெளியே வந்ததும்.

"ஓம் அண்ணை."

மன்னிப்பை எதிர்பார்த்து அவர் நின்றார். அவள் கோப்பி குடிக்கப் போய்விட்டாள்.

அடுத்த பங்குனியில் அவரைப் பிக்கரிங் நகரில் இருந்த களஞ்சியத்துக்கு மாற்றினார்கள். பிரியாவிடை அட்டை ஒவ்வொரு மேசையாக வந்தது. எல்லாரும் கையெழுத்து வைத்தார்கள். யூஜினி வைக்காமல் அடுத்தவரிடம் தள்ளிவிட்டாள்.