ஆலங்குடி லைன்

ஊருக்கெல்லாம் ராகு காலம் ஆகாத நேரம். அருள்மணிக்கு அதுதான் மூச்சு விடுகிற நேரம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவருடைய கம்பெனியில் ஒருத்தரும் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள். வீடியோ காலும் அதில் சேர்த்தி. அப்போதுதான் அவர் டிபன் பாக்ஸைத் திறப்பார்.

முந்திரி உடைத்துப் பருப்பு விற்கிற கம்பெனி அது. தலைமை ஆபீஸ் திருக்கோகர்ணத்தில். ஆலங்குடியில் முந்திரி உடைக்கும் ஷெட், வல்லத்திராக்கோட்டையில் குடோன், திருமயத்தில் விற்பனை ஆபீஸ். முதலாளி தேனப்பன் இருப்பது சென்னையில். எல்லா ஊர் இன்டர்நெட் லைனும் திருக்கோகர்ணத்துக்கு வந்து, அங்கிருந்து ஒரே லைனாகச் சென்னைக்குப் போகிறது. அந்த ஒரு லைனில் யாருக்கு எவ்வளவு என்று பங்கு பிரித்துக் கொடுப்பதுதான் பதினான்கு வருஷமாக அருள்மணியின் பிழைப்பு. தெருவுக்கு ஒரே குழாய் இருந்து, எல்லா வீட்டுக்காரர்களும் ஒரே நேரத்தில் குடத்தோடு வந்து நின்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

சனிக்கிழமை என்றால் பத்தரை வரை ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். பத்தரை அடித்ததும் அத்தனை பேரும் ஒன்றாக விழுவார்கள். வெள்ளிக்கிழமை கதை வேறு. பத்தரைக்கு ராகு காலம் வந்துவிடும், அதற்குள் முடிக்க வேண்டும் என்று ஒன்பதேகாலுக்கே நான்கு ஊரும் முட்டி மோதும். முதலாளியின் வாராந்திர மீட்டிங்கும் அப்போதுதான். நாள்காட்டியைப் பார்த்துக் கிழமைக்கு ஒரு அட்டவணை போட்டு ரூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறார் அருள்மணி. இந்த வேலையை எந்தப் படிப்பில் சொல்லிக் கொடுத்தார்கள்? அவராகத் தலையில் அடித்துக்கொண்டு கற்றுக்கொண்டது.

அது போதாதென்று திருமயத்துக்காரர்கள் வேறு. ஒரே அறையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கொரு போனில் தனித்தனியாக மீட்டிங்குக்குள் வருவார்கள். முதலாளி கண்ணில் முகம் பட வேண்டுமே! ஒரே திரையில் எட்டுப் பேரும் உட்காருங்கள் என்று மேனேஜர் சூர்யநாராயணனிடம் கெஞ்சிப் பார்த்தார். நடக்கவில்லை. முதலாளியிடமே சொல்லிப் பார்த்தார். "எல்லார் மொகத்தையும் தனித்தனியாப் பாத்தாத்தான் எனக்குத் திருப்தி, அருள்மணி" என்று முடித்துவிட்டார். அந்த எட்டு முகங்களும் லைனை முழுங்க, ஆலங்குடிக்கு மிஞ்சுவது எச்சமும் மிச்சமும்தான். அங்கிருந்து யார் பேசினாலும் படம் உறைந்துபோகும், பாதிப் பேச்சு காற்றோடு போகும். திட்டு மட்டும் முழுதாக அருள்மணிக்கு வந்து சேரும்.

மாதாமாதம் அவர் ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும். கடைசிக் கட்டத்தில் 'பரிந்துரை' என்று ஒன்று இருக்கும். அதைக் காலியாக விட்டால் ஏன் காலி என்று கேட்பார்கள். போன மாதம் அலுத்துப் போய், ஆலங்குடிக்கு நேரே 'படம் தெளிவாக வர தனி அறை தேவை' என்று எழுதிப் போட்டார். அறைக்கும் லைனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது அவருக்கே தெரியும். யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்தார்.

படித்துவிட்டார்கள்.

புதன்கிழமை பரிமளா போன் செய்தாள். ஆலங்குடி ஷெட்டில் நூற்று நாற்பது பெண்களுக்கு சூப்பர்வைசர் அவள்.

"அண்ணே, ஒங்களுக்கு நாங்க என்ன கெடுதல் பண்ணோம்?"

"என்னம்மா சொல்றே?"

"தொட்டில் ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. பெரிய டிவி மாட்டி மீட்டிங் ரூம் ஆக்கப் போறாங்களாம். நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னு எங்க ஷெட் மேனேஜர் பேப்பரைக் காட்டுறாரு."

தொட்டில் ரூமை அவருக்குத் தெரியும். ஷெட் முழுக்கத் தகரக் கூரை, கான்கிரீட் போட்ட அறை அது ஒன்றுதான். உடைக்க வருகிற பெண்களின் கைக்குழந்தைகளை அங்கேதான் விடுவார்கள், ஒரு ஆயா பார்த்துக்கொள்வாள்.

"எத்தனை பிள்ளைகம்மா?"

"இருபத்துமூணு. முந்திரி ஓட்டுல இருந்து தெறிக்கிற எண்ணெய் பட்டா பெரிய ஆளுக்கே தோல் வெந்து போகும். பிள்ளைய மடியில வச்சுக்கிட்டா உடைக்க முடியும்? கைப்பிள்ளைக்காரி மூக்காயி இப்பவே வேலைக்கு வரலேன்னு சொல்லிட்டா. வெள்ளிக்கிழமை மொதலாளிகிட்ட நானே பேசுறேன்னு கேட்டிருக்கேன். என் பேச்சு அங்கிட்டுப் போய்ச் சேருமாண்ணே?"

"பாக்குறேம்மா" என்றார். பதினான்கு வருஷமாக எல்லாரிடமும் சொல்கிற அதே பதில். சொல்லும்போதே தன்மேலேயே எரிச்சல் வந்தது.

அன்று வீட்டில் மனைவி அன்புமொழி, "சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருக்கீங்க, என்ன?" என்று கேட்டாள். "ஒரு கட்டத்தைக் காலியா விட்டிருக்கலாம்" என்றார் அவர். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்பதேகால். எல்லா ஊரும் வந்து விழுந்தது. முதலில் திருமயத்தின் வரவு செலவு, பிறகு குடோன் இருப்பு. பத்து மணிக்கு, "ஆலங்குடியில யாரோ பேசணுமாமே" என்றார் தேனப்பன்.

அருள்மணி ரூட்டரில் கை வைத்தார். திருமயத்தின் எட்டுப் போன்களையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து வேகத்தைக் குறைத்துக் கழுத்தை நெரித்தார். குடோனைக் குரலோடு நிறுத்தினார். இருந்த மொத்த லைனையும் ஆலங்குடிக்குத் திருப்பினார்.

பரிமளா திரையில் வந்தாள். இந்த மீட்டிங் தொடங்கிய ஆறு வருஷத்தில் ஆலங்குடியிலிருந்து அப்படி ஒரு படம் வந்ததில்லை. முந்திரி எண்ணெய் கருக்கிய விரல் நுனிகள்கூடத் தெரிந்தன.

"ஐயா, வணக்கம்ங்க. தொட்டில் ரூமை எடுத்தீங்கன்னா பாதிப் பேரு வேலைக்கு வர முடியாதுங்க. நாங்க சொகமா இருக்கக் கேக்கலை. பிள்ளைகளுக்கு ஒரு எடம் கேக்குறோம். மீட்டிங்குக்கு நான் இப்ப நிக்கிற இந்த ஸ்டோர் மூலை போதுங்கய்யா."

தேனப்பன் திரைக்கு அருகில் குனிந்து பார்த்தார்.

"ஆலங்குடி இவ்வளவு தெளிவா வருதே! அருள்மணி, லைன் சரியாயிடுச்சா? இல்ல, இன்னைக்கு மட்டுமா?"

உண்மையைச் சொன்னால் இன்றைக்கு மட்டும்தான். திருமயத்து முகங்கள் உறைந்து கிடப்பதால்தான். அப்படிச் சொன்னால் அடுத்த வாரமே அறை காலியாகும்.

"சரி பண்ணிட்டேன் சார்" என்றார் அருள்மணி. "இனிமே இப்படித்தான் வரும்."

"அப்ப ரூம் எதுக்கு? வெட்டிச் செலவு. விடுங்க. அந்த அறை அப்படியே இருக்கட்டும்" என்ற தேனப்பன், "திருமயத்துக்கு என்ன ஆச்சு? சூர்யநாராயணன் வாயைத் தெறந்த மேனிக்கு நிக்கிறாரே" என்றார்.

"அங்கிட்டுக் கொஞ்சம் கோளாறு சார். என் மேலதான் தப்பு. பாத்துக்கிட்டு இருக்கேன்."

மீட்டிங் முடிந்த மறு நிமிஷம் சூர்யநாராயணன் போனில் வந்தார். வேலை தெரியாதவன், சோற்றுக்குப் பாரம், மேலே எழுதிப் போடுகிறேன் என்று ஒன்றும் பாக்கி வைக்கவில்லை. அருள்மணி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வைத்தார்.

அடுத்து பரிமளா. பின்னால் ஏதோ பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தது, பெண்கள் சிரிக்கிற சத்தமும் கேட்டது. "நல்லா இருப்பீங்கண்ணே. புதன்கிழமை கோவத்துல பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. லைன் இனிமே இப்படியே இருக்கும்ல?"

"இருக்கும்மா."

போனை வைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தார். உடம்பெல்லாம் அசதி. நாற்பத்தேழு வயசு, ரிட்டயர் ஆக இன்னும் பதினோரு வருஷம். ஒரு வெள்ளிக்கிழமை கூட லீவு போட முடியாது. ஒரு வாரம் அவர் இல்லாவிட்டால் பொய் வெளுத்துவிடும், தொட்டில்களைத் தூக்கி வெளியே வைத்துவிடுவார்கள். வாரா வாரம் எட்டுப் பேரை நெரிக்க வேண்டும், வாரா வாரம் ஏச்சு வாங்க வேண்டும்.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வருகிற மைத்துனன் மகள் கல்யாணத்துக்குத் தான் வரப்போவதில்லை என்பதை அன்புமொழியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே, அட்டவணையைத் திறந்து அடுத்த வெள்ளியின் கட்டத்தில் ஆலங்குடி என்று டைப் அடித்தார்.