சைரகுல் வீட்டுச் சூடு

சைரகுல் நிலக்கரிச் சுரங்கத்தில் ஆட்களுக்கு விளக்கு எடுத்துக் கொடுக்கும் அறையில் வேலை பார்த்தவள். கீழே இறங்கிய கடைசி ஆள் விளக்கைத் திருப்பித் தரும்வரை வீட்டுக்குப் போகமாட்டாளாம். ஓய்வுபெற்றதும், கரகந்தா நகருக்கு வெளியே உள்ள எங்கள் ஐந்து மாடிக் குடியிருப்புக்கு அவளையே தலைவியாக்கினோம்.

நிலவறைக் கொதிகலன்தான் எல்லா வீட்டு ரேடியேட்டருக்கும் வெந்நீர் அனுப்பிச் சூடேற்றும். போன வருஷம் அதற்குத் தானியங்கிக் கருவி வந்தது. ஒரு வீட்டுக் கூடத்தில் சூட்டை அளக்கும் கம்பியில்லாச் சென்சார் மாட்ட வேண்டும். அந்த வீடு குளிர்ந்தால் கொதிகலன் கூடுதலாக எரியும், சூடேறினால் தணியும்.

"எங்க வீட்லயே மாட்டுங்க. நடுமாடி, நியாயமா இருக்கும்," என்றாள் சைரகுல்.

"இனிமே குளிரக்கூட அக்காகிட்ட கேட்டுத்தான் குளிரணும்," என்றாள் பக்கத்து வீட்டுக் குல்பாஷ்.

மேல்மாடியில் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தாள் எம்மா, தனியாக வாழும் ஜெர்மன்காரி. சைரகுல் அவளிடம் போய், "இந்தக் குளிர்காலம் உனக்குப் போர்வையே வேணாம்டி," என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஜனவரியில் சைரகுலின் கணவர் தெமிர்போலத் இறந்துபோனார். துக்க வீட்டுக் கதவை இங்கே சாத்துவதில்லை. வருகிறவர்கள் அழுது, உட்கார்ந்து, டீ குடித்துப் போவார்கள், டீக்கு வெந்நீர் கொதிக்கும் சமோவார் ஓயாது. கூட்டத்தில் அந்த வீடு புழுங்கியது. கொதிகலன் தணிந்தது. மற்ற வீடுகளில் குளிர் ஏற ஏற, ஆட்கள் மறுபடி துக்கம் கேட்க வந்தார்கள்.

"நேத்துதானேடி அழுதுட்டுப் போன?" என்று ஒருத்தியிடம் கேட்டாள் சைரகுல்.

"வீட்ல உக்கார முடியலக்கா. இங்க அழுதா வேர்க்கவாவது செய்யுது."

மூன்றாம் நாள் எம்மா போன் செய்தாள். "துக்கத்துல தொந்தரவு பண்றேன் சைரா. ரேடியேட்டர் ஜில்லுன்னு கெடக்கு."

"இங்க வேர்த்து ஊத்துது எம்மா. உனக்குக் காய்ச்சலா இருக்கும். குல்பாஷ்கிட்ட டீ குடுத்து விடுறேன்."

அதற்குள் வாசலில் புது ஒப்பாரி கேட்டது. தெமிர்போலத்தின் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள்.

மறுநாள் குல்பாஷ் முணுமுணுத்தாள். "கட்டடமே வந்துட்டுப் போயிருச்சு. எம்மாகிட்டருந்து ஒரு வார்த்தை உண்டா?"

"அவளால எப்படி வர முடியும்? நேத்து டீ குடுத்தியா?"

"எந்த டீ?"

தலைத்துணியால் விசிறிக்கொண்டிருந்த பெண்களைச் சைரகுல் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். சென்சாரைப் பிடுங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

எம்மா வீட்டிலிருந்த கோட்டுகளையெல்லாம் மேலே போட்டுக்கொண்டு கிடந்தாள். ஜன்னலின் உள்பக்கம் பனி படிந்திருந்தது. சென்சாரைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, சைரகுல் அந்தக் கைகளைத் தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே இருந்தாள். ரேடியேட்டர் களகளவென்று உயிர்பெற்றபோது பின்னாலேயே வந்த குல்பாஷ் சைரகுலின் தோளைப் பிடித்தாள்.

"விடுக்கா. ஜன்னலத் தொறக்கணும். பொணம் சூட்டுல கெடக்கக் கூடாது."

குல்பாஷே திறந்தாள். வெளிக்குளிர் முழுவதும் அந்த அறைக்குள் வந்தது. கொதிகலன் அதுவரை எரியாத வேகத்தில் எரிந்தது. அன்று மாலை நாங்கள் எல்லோரும் ஸ்வெட்டரைக் கழற்றினோம்.