சாவுக்கு முந்தி வந்த பெஞ்ச்

ஒரகடம் கூட்டு ரோட்டில் பந்தல் சாமான் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த கோதண்டம் சென்ற கார்த்திகையில் இறந்துபோனார். எங்கள் ஊர் பஞ்சாயத்துத் தலைவராகவும் இருந்தவர். இரங்கல் கூட்டத்தில் அவரைக் கர்ணன் என்றார்கள். கல்யாண வாடகையில் எட்டணா குறைக்காத மனிதர் அவர். நடந்ததைச் சொன்னாலே அவர் பெருமை தெரிந்துவிடும்.

அவருக்கு ஒரு பழக்கம். ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் வாடகை வாங்க மாட்டார். அவர்கள் வந்து கேட்கும்வரை காத்திருக்கவும் மாட்டார். சொந்தக்காரர்கள் வந்து சேருவதற்குள் ஷாமியானாவும் பெஞ்சும் வாசலில் இருக்க வேண்டும். கடை ஆள் கோபால் தலையைக் குனிந்தபடி வந்து, யாரிடமும் பேசாமல் கட்டிவிட்டுப் போவார்.

1991 தை மாதம் கோதண்டத்துக்கு ஒரே கவலை, தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்கு அனுமதி வந்துவிட்டது. கட்டுவதற்கு ஏற்ற மேட்டு நிலம் முனிரத்தினத்துடையது. அவரோ முடியாது என்றார். பதவிக்காலம் முடிவதற்குள் நிலம் கிடைக்காவிட்டால் தொட்டி வேறு ஊருக்குப் போய்விடும். எங்கள் பெண்கள் வயல் கிணற்றுக்கே குடம் சுமக்க வேண்டியதுதான்.

மறுத்ததற்குக் காரணமும் உண்டு. முந்தின வைகாசியில் முனிரத்தினத்தின் மகள் கல்யாணத்துக்குக் கோதண்டம் கொடுத்த ஷாமியானாவில் ஓட்டை. கோடை மழை சரியாக மாப்பிள்ளை தலையில் இறங்கியது.

அந்தத் தையில் முனிரத்தினத்துக்கு வாந்தியும் பேதியும். ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டு நாளில் தேறிவிட்டார். மூன்றாம் நாள் காலை அவரைப் பின்கட்டில் படுக்க வைத்துவிட்டு, நாறிப்போன மெத்தையைத் தெருவில் போடச் சொன்னேன். வீடு முழுக்கத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். அவர் மனைவி தாயாரம்மாள் தலைக்குக் குளித்து, முடியை விரித்துப் போட்டுக்கொண்டு துணி துவைக்கப் போனாள்.

அந்த நேரம் பார்த்து கோதண்டம் வண்டியில் அந்தத் தெருவைக் கடந்திருக்கிறார். தெருவில் மெத்தை, கழுவிய வாசல், தலைவிரி கோலமாய்த் தாயாரம்மாள். இறங்கி விசாரித்திருக்கலாம். ஆனால் ‘உங்க வூட்டுக்காரர் பூட்டாரா’ என்று எந்தப் பெண்பிள்ளையிடம் கேட்பது?

நான் பின்கட்டில் கஞ்சி வைத்து இறக்குவதற்குள் வாசலில் ஷாமியானா எழும்பிவிட்டது. பெஞ்சில் நாலு பேர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். போர்வையைப் போர்த்திக்கொண்டு முனிரத்தினம் எட்டிப் பார்த்தார்.

“இன்னா கோபாலு, யார் வூட்டு சாவு?”

குனிந்த தலை நிமிராமல் கோபால் சொன்னார்: “இந்த வூட்டுதுதான்.”

“ஐயோ, தாயாரு!” என்று அலறிக்கொண்டு முனிரத்தினம் அப்படியே பெஞ்சில் விழுந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள். ஈரத் துணி வாளியோடு வந்த தாயாரம்மாள், “யோவ், இன்னாத்துக்கு என் பேரச் சொல்லிக் கத்திக்கினு கீற? உள்ள போய்ப் படு!” என்றாள். அவளைப் பார்த்ததும் அவர் இன்னும் சத்தமாக அழுதார்.

அப்போதுதான் கோதண்டம் மாலையோடு வந்து இறங்கினார். உட்கார்ந்திருந்த பிணத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

“வாங்க தலைவரே. மாலை யாருக்கு?” என்றார் முனிரத்தினம், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

“உங்களுக்குத்தான் அண்ணே. ஒடம்பு தேறினதுக்கு.”

சொன்ன கையோடு கழுத்தில் போட்டும் விட்டார். பதவியில் இருந்தால் இதெல்லாம் வந்துவிடும் போலிருக்கிறது.

முனிரத்தினம் அண்ணாந்து பார்த்தார். “இது புத்தம் புதுசாச்சே? எம் பொண்ணு கல்யாணத்துக்கு ஓட்டை, எனக்கு மட்டும் புதுசா?”

“அது வாடகைக்கு வுட்டது. இது நானா குடுக்கறது. சும்மா குடுக்கறதுல ஓட்ட இருந்தா எம் மானம் இன்னாத்துக்கு ஆவறது?”

“அப்ப செத்தாத்தான் உங்கிட்ட நல்ல சாமான் கெடைக்குமா?” கேட்டுவிட்டு முனிரத்தினமே சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலானது. கஞ்சியைக் கொடுத்து அடக்கினேன். குடித்துவிட்டுச் சொன்னார்: “மாசியில பொண்ணுக்கு வளைகாப்பு. இதே ஷாமியானா, நீயா குடுக்கறதா வரணும். அந்த மாப்ள இதுங்கீழ ஒக்காரணும். அப்புறம் நெலத்தப் பத்திப் பேசு.”

“சாவுக்குக் கட்டினத வளைகாப்புக்கா?” என்று தாயாரம்மாள் பதறினாள்.

“சாவே நடக்கல, தீட்டு எங்கேயிருந்து வரும்? அலசிக் காயப்போட்டாப் போதும்” என்றேன்.

வளைகாப்பு நடந்தது. மாப்பிள்ளை தலையில் பூதான் விழுந்தது, ஒரு சொட்டு மழை விழவில்லை. மறுநாளே மேட்டு நிலம் பஞ்சாயத்துக்கு வந்தது. பதவி போன பிறகும் கோதண்டம் தினமும் போய்க் கொத்தனார்களை நச்சரித்தார். ஐப்பசியில் குழாயில் தண்ணீர் வந்தது. திறப்பு விழாவில் முனிரத்தினத்துக்கு முன்வரிசை. வந்திருந்த அதிகாரி கோதண்டத்தைப் பந்தல்காரர் என்று மட்டும் நினைத்து, “இன்னொரு சேர் போடுப்பா” என்றார். போட்டார்.

அந்தத் தைக்குப் பிறகு கடையில் ஒரு சட்டம். நர்ஸம்மா சொல்லாமல் பெஞ்ச் வண்டியில் ஏறக்கூடாது.

சென்ற கார்த்திகையில் கோதண்டத்துக்கு நெஞ்சு வலி வந்தபோது நான்தான் பக்கத்தில் இருந்தேன். ஒன்றும் செய்வதற்கு நேரம் இருக்கவில்லை. வெளியே வந்தபோது வாசலில் கோபால் நின்றிருந்தார்.

“அம்மா, அனுப்பலாமா?”

உள்ளே போய் நாடியை இன்னொரு தரம் பார்த்துவிட்டு வந்தேன்.

“அனுப்பு. புதுசா பார்த்து அனுப்பு.”