கம்பிக்குக் கீழே போன தேர்

தேர் என்றால் அண்ணாந்து பார்ப்போம். அதுதானே வழக்கம்? போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு தேரைக் குனிந்து பார்த்தேன். நான் மட்டுமில்லை... ஒரு பஜாரே குனிந்து பார்த்தது.

நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். மாரியம்மன் திருவிழாவுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தப்புச் சத்தம் எதிர் மலையில் மோதித் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஒரு தப்பு அடித்தால் இரண்டு தப்பு கேட்கிற ஊர் நம்முடையது. செலவில்லாத மேளம்!

தோட்டத்துத் தேரைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய கோயில்களில் நிற்கிற மரத்தேரை நினைத்துக்கொள்ளாதீர்கள். அடியில் மாட்டு வண்டிச் சக்கரம். மேலே மூங்கில், தேயிலைப் பெட்டிப் பலகை, கலர்த் தாள். உச்சிக் கலசத்துக்கு ஈயத்தாள் சுற்றியிருப்பார்கள். தேயிலைப் பெட்டிக்கு உள்ளே ஒட்டுகிறார்களே, அதே ஈயத்தாள்தான். வெயில் பட்டால் வெள்ளி தோற்றுப் போகும்.

அந்தத் தேருக்கு இரண்டு கட்டு உண்டு. கிளம்பிய தேர் பின்னால் வரக்கூடாது. சாமி ஏறின பிறகு தேரில் வாளோ கத்தியோ படக்கூடாது. மேல் டிவிசன் கோயிலில் கிளம்பி, பஜார் வழியாக இறங்கி, கீழ் லயங்களின் வரிசை வீடுகளில் வாசலுக்கு வாசல் நின்று, ஆற்றோரத்து வண்டிப்பாதையில் ஏறிக் கோயிலுக்குப் போய்ச் சேரும். இறங்குவதற்கு ஒரு பாதை, ஏறுவதற்கு ஒரு பாதை. "தேர் வாசலுக்கு வராத வருஷம் வயசுல சேராது" என்பது கீழ் லயத்துப் பேச்சு.

தேரைக் கட்டுகிறவர் மாணிக்கம் ஆசாரி. ஃபேக்டரியில் மரவேலை. வருஷா வருஷம் அவர் கைதான்.

இந்த வருஷம் தேர் போன வருஷத்தைவிட ஒரு முழம் உயரம். ஏன் என்று கேட்டேன். ஆசாரி கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற கோயில் தலைவர்தான் சொன்னார்.

"புதன்கிழமை ரயிலு ஏறுறாருங்க. பிரஜாவுரிமை மனு தள்ளுபடியாப் போச்சு. அவரும் சம்சாரமும் தலைமன்னார் போயி இந்தியாவுக்குக் கப்பல் ஏறணும். கடைசித் தேருன்னு கொஞ்சம் கை நீண்டுபோச்சு."

ஆசாரியின் சம்சாரம் தெய்வானை. கீழ் லயத்தில், கடைசிக்கு முந்தின வீடு. பிறந்ததும் அதே லயம், வாழ்க்கைப்பட்டதும் அதே லயம். கொழுந்து மலையில் எல்லோரும் "ஊருக்குப் போறியாமே" என்று கேட்டபோது அந்த அம்மா சொன்னதாம்: "ஊருன்னு சொல்றாங்க... எந்த ஊருன்னுதான் தெரியல." அதற்கு மேல் அழவில்லை, புலம்பவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறது. "தேரு ஒரு தடவை வாசல்ல நிக்கட்டும். தட்டை நீட்டிட்டுப் போயிர்றேன்."

தேர் கிளம்பியது. முன்னால் தப்பு, அதற்குப் பின்னால் கரகம், காவடி, அப்புறம் வடம் பிடித்த ஜனம். பஜாரில் காசிம் நானாவின் சில்லறைக் கடை வாசலில் பெரிய அண்டாவில் சர்பத். வருஷா வருஷம் தேர் வரும்போது அவர் வைப்பதுதான். "குடிங்க வாப்பா, குடிச்சிட்டு இழுங்க. காஞ்ச தொண்டையோட சாமியக் கூப்பிட்டா சாமிக்கு எப்பிடிக் கேக்கும்?" — இது காசிம் நானா.

கடையைத் தாண்டி நாலு எட்டு போயிருக்காது. முன்னால் போன தப்பு நின்றது. வடம் தளர்ந்தது.

ரோட்டுக்குக் குறுக்கே கரண்டுக் கம்பி.

பஜாருக்குப் புதிதாக லைட் வந்திருக்கிறது. கம்பி இழுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. போன வருஷத்துத் தேராக இருந்தால் உரசாமல் போயிருக்கும். கூடின ஒரு முழம் சரியாகக் கம்பிக்கு நேரே நின்றது.

ஒரு மாதமாக அந்தக் கம்பிக்கு அடியில் எல்லோரும்தான் நடந்திருக்கிறார்கள். ஆசாரி நடந்திருக்கிறார், தலைவர் நடந்திருக்கிறார். ஒருவர் கண்ணிலும் படவில்லையா? படாது. மலைக்காரன் தரையைப் பார்த்து நடக்கிறவன். வழுக்குப்பாறை, அட்டை, உருண்டு வரும் கல்... கண்ணைத் தூக்கினால் காலை விட்டுவிடுவான். எங்களுக்கு வானத்தில் ஒன்று மாட்டினால், முட்டின பிறகுதான் தெரியும்.

தலைவர் ஒரு மூங்கிலைக் கொண்டுவரச் சொன்னார், கம்பியைத் தூக்கிப் பிடிக்கலாமென்று. கூட்டத்தோடு வந்த போலீஸ் சார்ஜன்ட் பாய்ந்து வந்தார். சிங்களவர், நல்ல மனிதர்.

"பே, பே!" என்று சிங்களத்தில் தடுத்து இரண்டு கையையும் விரித்தார். அப்புறம் தமிழில், "ஈர மூங்கில். மேல ஈயத்தாள். கரண்ட் வந்தா எல்லாம் முடிஞ்சது. திருப்பிக் கொண்டு போ."

"திருப்பக் கூடாதுங்க ராலாமி," என்று சார்ஜன்டிடம் சொன்னார் தலைவர்.

"அப்ப நாளைக்கு ஆள் வரும், கம்பி கழட்டும்."

"நாளை வரைக்கும் சாமி நடுரோட்டுல நிக்கவாங்க?"

சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

நான் ஆசாரியைப் பார்த்தேன். ஐயோ... அந்த முகம். யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை போலும். கடைக்குள் போய் ஒரு வாளை வாங்கிக்கொண்டு வந்தார். மரம் அறுக்கிற வாள். தேரின் பக்கவாட்டில் கால் வைத்து ஏறினார்.

"நான் கூட்டினது. நானே அறுத்து எறக்கிர்றேன். பாவம் என்னோட கடல் தாண்டட்டும்."

கீழேயிருந்து ஒரு குரல். "ஆசாரியண்ணே, எறங்குங்க."

பேச்சாயி. கொழுந்து பறிக்கிற பெண். வாய்க்குப் பேர்போனவள் என்று முன்பே எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

"வாளைக் கொண்டுபோயி நானாகிட்ட குடுங்க. கடைசியாச் செஞ்ச தேரை அறுத்துப் போட்டுட்டு, அங்க போயி எப்படிண்ணே சோறு எறங்கும்?"

"வேற என்ன தங்கச்சி செய்யிறது?"

"கம்பி மேல ஏறாதுன்னா, தேரைக் கீழ எறக்குங்க. அது என்ன கல்லுலயா கட்டியிருக்கு? சக்கரத்தைக் கழட்டுங்க."

"சக்கரமில்லாத தேரை எது நகத்தும்?"

"கூடைக் கொழுந்தை எது நகத்துது? சக்கரமா?"

கூட்டத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. ஆனால் பேச்சாயி சிரிக்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பெண்கள். தோட்டத்து வழக்கத்தில் பெண்கள் வடம் பிடிக்கலாம். தேரின் உடம்பில் கை வைக்க மாட்டார்கள். எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் சாமியைப் பார்த்தார். சாமி ஒன்றும் சொல்லவில்லை.

"பொம்பளை சாமிதானே," என்றார் தலைவர், தனக்குத்தானே சொல்வது போல. "கோவிச்சுக்காது."

அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவேன்? முயற்சி செய்கிறேன்.

தேருக்கு அடியில் கட்டைகளை அடுக்கினார்கள். ஆசாரி மரக் கொட்டாப்புளியால் தட்டிக் கடையாணிகளை எடுத்தார். சக்கரங்கள் கழன்றன. தேருக்கு அடியில் குறுக்காக நீளமான கழிகளைக் கொடுத்தார்கள். இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் ஆண்களும் பெண்களும். கட்டைகளை ஒவ்வொன்றாக உருவ உருவ, முழுப் பாரமும் கைகளில் இறங்கியது.

நின்றுகொண்டு தூக்கினால் தேர் உயர்ந்துவிடும். ஆகவே யாரும் நிற்க முடியாது. அத்தனை பேரும் மண்டி போட்டார்கள். முழங்காலால்தான் நகர வேண்டும். கீழே தார் ரோடு, அதில் சல்லிக்கல்.

காசிம் நானா கடைக்குள் ஓடினார். அரிசி மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டி, காலிச் சாக்குகளை அள்ளிக்கொண்டு வந்தார். ரோட்டில் வரிசையாக விரித்தார். சாக்கு போதவில்லை. தேர் தாண்டின சாக்கைப் பின்னாலிருந்து எடுத்து ஓடிவந்து முன்னால் போட்டார். இடுப்பில் வெள்ளைச் சாரம், தலையில் வெள்ளைத் தொப்பி. அந்த வயதில் அப்படியொரு ஓட்டம்!

தப்பு அடிக்கவில்லை. இரைச்சலுக்கே பிறந்த அந்தப் பஜாரில், சாக்கின்மேல் முழங்கால் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. மண்டி போட்ட ஜனத்துக்கு நடுவில் தேர், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், தண்ணீரில் மிதக்கிற மாதிரி வந்தது. பாரம் சுமக்கிறவர்களால் மேலே பார்க்க முடியாது. அவர்களுக்குப் பதிலாக சார்ஜன்ட் பார்த்தார். கம்பிக்கு நேர் கீழே ரோட்டோரமாக நின்று, கலசத்தின் மேலிருந்து கண்ணை எடுக்காமல், மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"தவ டிக்கக்... தவ டிக்கக்..."

இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம். அந்த நேரத்தில் அது சிங்களமா தமிழா என்று யாருக்கும் தோன்றியிருக்காது. குரல் சொன்ன பக்கம் தேர் நகர்ந்தது. ஒருமுறை இடது பக்கம் லேசாகச் சாய்ந்தது. பேச்சாயி தோளைக் கழிக்கு அடியில் கொடுத்து நிமிர்த்தினாள். ஈயத்தாள் கலசம் கம்பிக்கு அடியில், இரண்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிய, வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனது.

சுதந்திர தினத்துக்கு ஹட்டனில் பேண்டு வாத்தியத்தோடு போகிற ஊர்வலம் பார்த்திருக்கிறேன். மே தினத்துக் கொடிகள் பார்த்திருக்கிறேன். வெசாக் வெளிச்சம் பார்த்திருக்கிறேன். பார்த்துக் கை தட்டியிருக்கிறேன். ஊர்வலத்தைப் பார்த்து, சாமியை மறந்து, சுமந்தவர்களைக் கை கூப்பியது இதுதான் முதல் தடவை.

சக்கரம் மறுபடி ஏறியது. தப்பு மறுபடி பேசியது. எல்லோர் முழங்காலிலும் சிராய்ப்பு. காசிம் நானா அண்டாவைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றினார்.

கீழ் லயத்துக்குத் திரும்புகிற முடக்கில் ஆசாரி வழக்கம்போலச் சக்கரத்தின் பக்கம் குனிந்து நடந்துகொண்டிருந்தார். பேச்சாயி அவர் தோளைத் தொட்டாள்.

"சக்கரத்தை நாங்க பாத்துக்கிறோம்ணே. நீங்க வீட்டுக்குப் போயி வாசல்ல நில்லுங்க. அண்ணி இத்தினி வருசமா ஒத்தையிலதானே தட்டு நீட்டுது?"

உண்மைதான். தேர் வருகிற நேரத்தில் ஆசாரி ஒரு வருஷம்கூடத் தன் வாசலில் நின்றதில்லை. தேரோடுதான் வந்திருக்கிறார், தேரோடுதான் போயிருக்கிறார். குறுக்குப் படியில் இறங்கி ஓடினார்.

தேர் கடைசிக்கு முந்தின வீட்டில் நின்றது. மஞ்சள் தண்ணீர்க் குடம். கையில் தட்டோடு தெய்வானை. பக்கத்தில் ஆசாரி. தான் கட்டின தேர் தன்னை நோக்கி வருவதை அந்த மனிதர் வாழ்நாளில் முதல் தடவையாகப் பார்க்கிறார். உச்சி வரைக்கும் கண்ணை ஓட்டிவிட்டு, சம்சாரத்தின் பக்கம் குனிந்து சொன்னார்.

"இம்புட்டு ஒசரமாவா கட்டிப்புட்டேன்?"

"இன்னிக்குத்தான் தெரியுதாக்கும்?" என்றது அந்த அம்மா. தட்டை நீட்டியது. சூடம் எரிந்து முடிகிற வரைக்கும் தேர் அங்கேயே நின்றது. மற்ற வாசல்களில் நிற்கிற நேரம்தான் நிற்க வேண்டும். ஆனால் யாரும் வடத்தை இழுக்கவில்லை.

புதன்கிழமை அவர்களை வழியனுப்ப ஹட்டன் ஸ்டேஷனுக்குத் தோட்டமே வந்திருந்தது. நானும் போனேன். வண்டி நகரும் நேரம் தலைவர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "ஆசாரி, அடுத்த வருசம் நாங்களே கட்டணும். எவ்வளவு ஒசரம் கட்டட்டும்? கம்பிக்குக் கீழேயே நிப்பாட்டிரவா?"

ஆசாரி தலையை வெளியே நீட்டிச் சொன்னார். "தேரைக் குறைக்காதீங்க தலைவரே. கம்பியை ஏத்தச் சொல்லுங்க."

கம்பிக்குப் பொறுப்பான ஐயாமார்களும் இந்தப் பத்திரிகைப் பத்தியைப் படிப்பதாகக் கேள்வி.